கரி மூட்டம்: மண்டிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கமுதிப் பக்கம் விறகு, கரி மண்டி வைத்திருக்கிறோம். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடக்கும். லோடு ஏறும்வரை அதில் உட்காருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். மூட்டம் (விறகைக் குவித்து, மண்ணால் மூடி, காற்றை அடக்கி வேகவைத்துக் கரியாக்கும் குவியல்) போடப் போகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், புராஜெக்ட்டுக்காக வரும் காலேஜ் பையன், வெளிநாட்டிலிருந்து வந்து 'ஊரில் ஏதாவது செய்யலாமா' என்று யோசிப்பவர் என்று எல்லா வகை ஆளும் உண்டு. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

விறகு எரிஞ்சா சாம்பல்தானே ஆகணும்? மூட்டத்துல மட்டும் எப்படி கரியாகுது?

காற்று இல்லாததால்தான். மரக்கட்டையில் மூன்று பெரிய சரக்குகள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். சூடு ஏறும்போது முதலில் கட்டையில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும். 200 டிகிரி தாண்டினால் ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்கும், 300-ஐ ஒட்டிச் செல்லுலோஸ் உடையும். லிக்னின் மட்டும் அவசரப்படாமல் மெதுவாகச் சிதையும், கரியில் மிஞ்சுவதில் பெரும்பங்கு அதனுடையது. உடைந்ததெல்லாம் புகையாகவும் தாராகவும் வெளியே போய்விட, கட்டையின் உருவம் மாறாமல் கார்பன் மட்டும் நின்றுவிடுகிறது.

காற்று தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்தக் கார்பனும் எரிந்து சாம்பலாகியிருக்கும். மூட்டத்துக்கு மண் போர்த்துவது அதைத் தடுக்கத்தான். விறகில் ஒரு பங்கை எரியவிட்டு, அந்தச் சூட்டில் மீதியை வேகவைக்கிறோம். ஏறத்தாழ 280 டிகிரி தாண்டிய பிறகு சிதைவதே கொஞ்சம் சூட்டை வெளிவிடும். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் மூட்டம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். நாம் காவல் காத்தால் போதும். அந்தக் காவல்தான் கஷ்டம்.

எந்த மரத்துல வேணும்னாலும் போடலாமா? ஏன் எல்லாரும் சீமைக்கருவேலத்தையே வெட்டுறாங்க?

எந்த மரத்திலும் கரி வரும். ஆனால் கனமான மரம் கனமான கரியைத் தரும், முருங்கைக் கட்டையில் போட்டால் கையில் நொறுங்கும் பஞ்சுதான் கிடைக்கும். சீமைக்கருவேலம் அடர்த்தியான கட்டை. பச்சையாகவே அடுப்பில் எரிகிற மரம் வேறு. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்த்து மூன்று, நான்கு வருஷத்தில் அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு மேயாமல் காவல் காக்கவும் வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் காய்ந்த கண்மாய்க்கரைகளிலும் தரிசிலும் இப்படி வளர்கிற இன்னொரு மரம் கிடையாது.

மரம் நம் ஊர்க்காரன் இல்லை. மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதிதான் அதன் பூர்வீகம். இந்தியாவுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். புத்தகங்களில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றிருக்கும். 2022-இல் தாவரவியலார் புரோசோபிஸ் என்ற பேரினத்தைப் பிரித்து நெல்டுமா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் மண்டியில் அது இன்னும் கருவைதான்.

சவுக்கிலும் நல்ல கரி வரும், ஆனால் அதற்குக் காகித ஆலைக்காரர் கொடுக்கும் விலைக்கு மூட்டத்தில் வைக்க மனசு வராது. தைலமரமும் அப்படித்தான்.

மூட்டம் எப்படிப் போடுவாங்க? நேர்ல பார்த்ததே இல்ல.

முதலில் இடம். மேடான, தண்ணீர் தேங்காத, கொஞ்சம் களி கலந்த மண் உள்ள இடமாகப் பார்ப்பார்கள். வெறும் மணல் என்றால் போர்வை நிற்காது, சரிந்து சரிந்து ஓட்டை விழும். விறகைத் தடிமன் வாரியாகப் பிரித்து, நடுவில் தடித்த தூர்க்கட்டைகளையும் சுற்றிலும் மெல்லிய கட்டைகளையும் வைத்து, கவிழ்த்த கிண்ணம் போலக் குவிப்பார்கள். கட்டைக்குக் கட்டை இடைவெளி தெரியக்கூடாது. இடுக்குகளில் சிறு குச்சிகளைச் செருகுவதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அடுக்கு எவ்வளவு இறுக்கமோ கரி அவ்வளவு தேறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதன் மேல் வைக்கோல், கோரை, இலைதழை ஏதாவது ஒரு படுகை. அப்புறம் ஈரமண் பூச்சு, ஒரு சாண் கனம் இருந்தால் நல்லது. தழை இல்லாமல் நேராக மண் போட்டால் மண் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் கரியோடு கலந்துவிடும். உச்சியில் தீ வைக்க ஒரு வாய், அடியில் சுற்றிலும் காற்றுக் கண்கள். தீ பற்றியதும் உச்சி வாயை அடைத்துவிடுவார்கள். பத்து டன் மூட்டம் என்றால் வேக எட்டு, பத்து நாள், ஆற இன்னும் மூன்று, நான்கு நாள்.

அந்த எட்டு ராத்திரியும் தூக்கம் கிடையாது. உள்ளே கட்டை சுருங்கச் சுருங்க மேலே மண் வெடிக்கும். வெடித்த இடத்தில் காற்று புகுந்தால் விடிவதற்குள் ஒரு பக்கம் சாம்பலாகிவிடும். என் மாமா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் மண்வெட்டியுமாகச் சுற்றி வருவார். டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட முகத்தைத்தான் நம்புவார். 'அனல் கன்னத்துல படுற பக்கம் ஓட்டை இருக்கு' என்பார். போய்ப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் இருக்கும்.

மூட்டத்து மேல ஏறி நடக்கிறாங்களே, ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். வெந்த கட்டை பாதிக்குப் பாதியாகச் சுருங்கும். வெளியே மண் ஓடு அப்படியே நிற்க, உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். காலை வைத்தால் இடுப்புவரை கங்குக்குள் இறங்குகிற கதைதான். தெரிந்தவர்கள் நீளப் பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் ஓட்டை அடைப்பார்கள். எரியும் மூட்டத்துப் பக்கம் குழந்தைகளை விடவே கூடாது.

புகையைப் பார்த்தே வெந்துருச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன வரிசை அப்படியே புகையில் தெரிகிறது. முதல் சில நாள் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அது பெரும்பாலும் நீராவி, கையை நீட்டினால் ஈரம் ஒட்டும். அடுத்து மஞ்சள் கலந்து, கண்ணைக் கரிக்கும் புளித்த நெடியோடு வரும். ஹெமிசெல்லுலோஸும் செல்லுலோஸும் உடைகிற நேரம் அது. அசெட்டிக் அமிலம், மெத்தனால், தார் எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் புகை மெலிந்து நீலம் பாயும், பிறகு கண்ணுக்கே தெரியாது, வெறும் அனல் மட்டும் ஆடும்.

நீலம் வந்த கண்ணை உடனே அடைக்க வேண்டும். அந்தப் பக்கம் வெந்தாகிவிட்டது, இனி எரிவது கரி. ஒரே மூட்டத்தில் கிழக்கே நீலமும் மேற்கே வெள்ளையும் வருவது சகஜம், காற்றடிக்கும் திசையில் முந்திவிடும். கண்களை மாற்றி மாற்றி அடைத்துத் திறந்து தீயை மறுபக்கம் இழுத்துப் போவதுதான் மூட்டக்காரர் கூலி வாங்கும் வேலை. விடியற்காலையில் பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் யாராலும் சொல்ல முடியாது.

எத்தனை டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எல்லாரும் உண்மைதான் சொல்கிறார்கள், ஆனால் எந்த விறகு என்று சொல்வதில்லை. நன்றாகக் காய்ந்த விறகு, கைதேர்ந்த ஆள் என்றால் ஐந்து டன்னுக்கு ஒரு டன் எதிர்பார்க்கலாம். நேற்று வெட்டிய பச்சை விறகு என்றால் எட்டு, சமயத்தில் பத்து டன் போட வேண்டும். பச்சைக் கட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். நீங்கள் லாரியில் ஏற்றிவருவதில் பாதி கண்மாய்த் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் சூளை மாதிரி கட்டிய கரிச்சூளையில் ஈரம் நீக்கிய கட்டை எடைக்கு 25 முதல் 30 சதம் வரை எடுக்கிறார்கள். புகையைத் திருப்பி அடியில் எரிக்கும் இரும்பு உலையில் இன்னும் கொஞ்சம் கூடும். மண்மூட்டத்தில் 15 முதல் 20 சதத்துக்கு மேல் யாராவது சொன்னால் அவர் கணக்கில் விறகின் ஈரம் சேரவில்லை என்று அர்த்தம்.

காய வைக்க ஒரு மாசம் ஆகுமே அண்ணே, பச்சையாவே போட்டா என்ன?

போடலாம், தண்ணீரைக் காய்ச்ச உங்கள் விறகையே எரிக்க வேண்டியிருக்கும். ஒரு டன் பச்சை விறகில் 450 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். அப்படியானால் 2,70,000 கிலோகலோரி, காய்ந்த விறகுக் கணக்கில் எழுபது கிலோவுக்கு மேல் தண்ணீருக்கே போகிறது. இது ஏட்டுக் கணக்கு. மூட்டத்தில் சூடு நாலாபக்கமும் சிந்துவதால் நிஜத்தில் இதைப் போல இரண்டு பங்காவது ஆகும். மூட்டம் எரியும் நாளும் கூடும், காவல் கூலியும் கூடும்.

நம் வெயிலுக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி வைத்தால் நான்கைந்து வாரத்தில் ஈரம் 20 சதத்துக்குக் கீழே வந்துவிடும். பிளக்காமல் உருளையாகப் போட்டால் மூன்று மாதம் ஆனாலும் நடு ஈரம் போகாது. காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எல்லாம் வேண்டாம். வெட்டு முகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையோடு உரியும், இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். 'தொப்' என்று கேட்டால் இன்னும் கிடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டியதைத் தை பிறந்து வெயில் ஏறும்வரை தொடாதீர்கள்.

மண்டிக்கு வருகிறவர்கள் புது மாதிரி சூளை, புது மாதிரி டிரம் என்று விசாரிப்பார்கள். அவற்றில் கிடைக்கும் லாபத்தில் பாதிக்கு மேல் காய்ந்த விறகைப் போடுவதிலேயே கிடைத்துவிடும், செலவும் இல்லை. கேட்கிறவர்கள் முகத்தில்தான் ஏமாற்றம் தெரியும்.

ஐஞ்சு டன் விறகு ஒரு டன் கரியாகுதுன்னா மீதி எல்லாம் வீண்தானே? விறகாவே எரிக்கலாமே?

எடையைப் பார்க்காமல் சூட்டைப் பாருங்கள். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி, ஐந்து கிலோவுக்கு 17,500. ஒரு கிலோ கரியில் சுமார் 7,000. ஆக விறகில் இருந்த சூட்டில் 40 சதம் கைக்கு வருகிறது, 60 சதம் புகையோடு போகிறது. பெரிய இழப்புதான், மறைக்க ஒன்றுமில்லை.

பக்கத்திலேயே செங்கல் சூளையோ பாய்லரோ இருந்தால் விறகாகவே கொடுத்துவிடுங்கள், அதுதான் சரி. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குள் விறகைப் போட முடியுமா? தந்தூரி அடுப்பு, கொல்லன் உலை எல்லாவற்றுக்கும் புகையில்லாத, சீரான அனல் வேண்டும். தூரமும் ஒரு காரணம். வடமாநிலத்துக்கு ஒரு லாரிக் கரி அனுப்புவதும் ஒரு லாரி விறகு அனுப்புவதும் ஒரே வாடகைதான், போய்ச் சேரும் சூடு இரண்டு மடங்கு. சமையலிலும் மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10, 15 சதம்தான் பாத்திரத்துக்குப் போகும். கரி அடுப்பில் அது 20 முதல் 30 சதம். விட்டதில் கொஞ்சத்தை அங்கே பிடிக்கிறோம்.

டொரிஃபேக்‌ஷன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் கரிதானா?

கரிக்குப் பாதி வழியில் இறங்கிக்கொள்வது. பிரெஞ்சுக்காரர் காபிக் கொட்டை வறுப்பதற்குச் சொல்லும் சொல்தான் டொரிஃபேக்‌ஷன். கட்டையையும் அதே மாதிரி காற்றில்லாமல் 200 முதல் 300 டிகிரிக்குள் அரைமணி, ஒருமணி நேரம் வறுக்கிறார்கள். காபிக்கொட்டை மாதிரியே நிறம் பழுப்பாகி, சாக்லேட் நிறமாகி வரும். கறுத்துவிட்டால் கூடிப்போயிற்று.

இந்தச் சூட்டில் ஈரமும் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியும்தான் போகும், செல்லுலோஸும் லிக்னினும் பெரும்பாலும் மிஞ்சும். காய்ந்த மரத்தின் எடையில் 70 சதமும் சூட்டில் 90 சதமும் தங்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே சொன்ன 40 சதத்தோடு ஒப்பிட்டால் ஏன் இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்று புரியும். கிலோவுக்கு 5,000 முதல் 5,800 கிலோகலோரி வரை நிற்கும்.

இன்னும் இரண்டு குணம் மாறும். தண்ணீரைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ்தான், அது போய்விட்டதால் வறுத்த கட்டை மழைக்காற்றில் கிடந்தாலும் அவ்வளவாக ஈரம் இழுக்காது, பூசணம் பிடிக்காது. நாரைப் பிடித்து நிறுத்தியதும் அதுதான். அதனால் கட்டை மொறுமொறுப்பாகி எளிதில் மாவாகும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்துத்தான் ஊதி எரிக்கிறார்கள். அந்த ஆலையில் பச்சை மரத்தூளைப் போட்டால் நார் நாராகச் சுற்றிக்கொள்ளும், வறுத்ததைப் போட்டால் நிலக்கரி மாதிரியே அரையும். நிலக்கரியோடு 5 சதம் தாவரக் கழிவுக் குச்சிகளையும் கலந்து எரிக்கச் சொல்லி மத்திய மின்துறை 2021-இல் கொள்கை போட்ட பிறகு இந்தப் பேச்சு நம் பக்கமும் வந்துவிட்டது.

அப்ப வறுத்த கட்டையை இஸ்திரிக்கும் அடுப்புக்கும் விக்கலாம்ல?

இஸ்திரிக்கு ஆகாது. ஆவியாகும் சரக்கு இன்னும் நிறைய உள்ளே இருப்பதால் பற்றவைத்தால் சுவாலையோடு புகையும் வரும். வெள்ளை வேட்டியில் ஒரு தரம் மஞ்சள் விழுந்தால் அந்தக் கடைக்காரர் ஜென்மத்துக்கும் உங்களிடம் வாங்க மாட்டார். விறகடுப்பில் எரியும், விறகைவிட நன்றாகவே எரியும். ஆனால் கண்மாயில் முள்ளாக வெட்டிவரும் விறகு இருக்கும்போது அந்த விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? இது பாய்லருக்கும் மின் நிலையத்துக்கும் உள்ள சரக்கு.

வீட்டு கொல்லையில டிரம்ல வச்சு வறுக்க முடியுமா?

கரி போடலாம். வறுப்பது கஷ்டம். கரிக்கு 'வெந்துவிட்டது, அடைத்துவிடு' என்று புகை சொல்லிக்கொடுக்கும். வறுப்பதில் 300-ஐத் தாண்டாமல் பிடித்து நிறுத்த வேண்டும். 280 தாண்டினால் சரக்கு தானே சூடாகும் என்று முதலிலேயே சொன்னேன். டிரம்மில் அதைப் பிடித்து நிறுத்த வழியில்லை. ஓரத்தில் கரி, நடுவில் வெறும் காய்ந்த கட்டை, இரண்டுக்கும் இடையில் விரற்கடை அகலத்துக்குத்தான் நீங்கள் கேட்ட பழுப்பு கிடைக்கும். நானே செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கரிக்கு 200 லிட்டர் எண்ணெய் டிரம் போதும். அடியில் சில துளை, மேலே இறுக்கமான மூடி. ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது கிலோ காய்ந்த கட்டை கொள்ளும், காலையில் பற்றவைத்தால் மதியத்துக்குள் அடைத்துவிடலாம். பழைய டிரம்மாக இருந்தால் முதலில் வெறும் டிரம்மை விறகு போட்டு நன்றாக எரித்துவிடுங்கள். நான் முதலில் வாங்கியதில் முன்பு என்ன இருந்ததென்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாற்றத்துக்குத் தெருவே கூடிவிட்டது. ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். பாதிச் சூட்டில் திறந்தால் உள்ளே தேங்கிய வாயு காற்றுப் பட்டதும் 'குப்'பென்று பற்றும், புருவம் முளைக்க ஒரு மாசம் ஆகும்.

நல்ல கரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிமெண்டுத் தரையில் போடுங்கள், கண்ணாடி மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். உடைத்தால் முகம் பளபளக்கும், வளையம் தெரியும். கையில் அவ்வளவாக ஒட்டாது. பழுப்பு ஓடியிருந்தால், உடையாமல் நார் இழுத்தால், அது அரைவேக்காடு. அடுப்பில் புகையும்.

சூடு எவ்வளவு ஏறியது என்பதுதான் எல்லாம். ஏட்டுக் கணக்கில், ஏறத்தாழ 300 டிகிரியில் நிறுத்தினால் ஈரம் நீக்கிய மர எடையில் 42 சதம் கரி வரும், ஆனால் அதில் நிலைக்கார்பன் (ஆவியாகிப் போகாமல் நின்று எரியும் கார்பன்) 68 சதம்தான். 500-க்கு ஏற்றினால் கரி 33 சதமாகக் குறையும், நிலைக்கார்பன் 86-க்கு ஏறும். எடைக்கு விற்பவர் சீக்கிரம் அடைக்கப் பார்ப்பதன் ரகசியம் இதுதான். வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதன் காரணமும் இதுதான். தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவதும் உண்டு. மூட்டையின் அடியில் கைவிட்டுப் பாருங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். மண்மூட்டக் கரியில் ஒட்டிய மண் சாம்பலாகத்தான் கணக்காகும், அதையும் தட்டிப் போடச் சொல்லுங்கள்.

சிரட்டைக் கரி இதைவிட ஒசத்தியா?

கார்பன் கூடுதல், இன்னும் கெட்டி. தண்ணீர் சுத்தம் செய்யும் முடுக்கப்பட்ட கரிக்கு அதைத்தான் கேட்பார்கள், காங்கேயம் பக்கம் அது தனித் தொழில். இஸ்திரிக்கு இரண்டும் ஓடும். விலையைப் பார்த்து வாங்குங்கள்.

கரி மூட்டை தானா தீப்பிடிக்கும்னு லாரிக்காரர் சொன்னார். உண்மையா?

உண்மை. புதுக்கரிக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும் குணம் உண்டு, உறிஞ்சும்போது சூடாகும். குவியலாக, தூள் கலந்து, காற்றோட்டமில்லாமல் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறிப் பற்றிக்கொள்ளும். கப்பலில் ஏற்றும் விதிகளிலும் கரி தானே பற்றும் சரக்கு வகையில்தான் இருக்கிறது. இதைவிட சகஜம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கங்கு உள்ளே உட்கார்ந்திருப்பது. வெந்த கரி வெளியே கறுப்பாக, தொட்டால் குளிர்ந்து, உள்ளே ஒரு மிளகளவு சிவப்போடு இருக்கும்.

அதனால் மூட்டம் பிரித்த அன்றே சாக்கில் கட்டாதீர்கள். மெல்லிசாகப் பரப்பி ஒரு பகல், ஒரு ராத்திரியாவது காற்றில் கிடக்கட்டும். பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டு ராத்திரி விளக்கில்லாமல் ஒரு சுற்று வாருங்கள், கங்கு இருந்தால் இருட்டில் கண் சிமிட்டும். ஒரு முறை அவசரத்துக்கு மாலையில் பிரித்ததை அன்றே ஏற்றிவிட்டோம். அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் டிரைவர் போன் செய்தார், 'அண்ணே, பின்னாடி வர்ற வண்டிக்காரன் புகையுதுங்கறான்' என்று. பதினேழு மூட்டையை ரோட்டோரத்தில் உருட்டி இறக்கினார்கள்.

குளிருக்கு ரூமுக்குள்ள கரி மூட்டி வச்சுக்கலாமா? புகைதான் இல்லையே.

கூடாது. கூடவே கூடாது. புகை இல்லாததுதான் ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் கரிக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று அவ்வப்போது செய்தி வரும். இஸ்திரிப் பெட்டியைக்கூட அனலோடு படுக்கை அறையில் வைக்காதீர்கள்.

அடியில தங்குற தூளை என்ன பண்றது?

பத்தில் ஒரு பங்காவது தூளாகப் போகும். மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் கட்டியாக எரியும். மண்ணிலும் போடலாம், ஆனால் நேராகப் போட்டால் பயிருக்கு வேண்டிய சத்தை முதலில் அதுவே இழுத்துக்கொள்ளும். சாணக் குப்பையோடு கலந்து சில மாதம் மக்கவிட்டுப் போடுங்கள்.

கரியை வச்சு இரும்பு உருக்கலாம்னு படிச்சேன். நிலக்கரி இல்லாம முடியுமா?

முடியும், முன்னால் எல்லா இரும்பும் அப்படித்தான் உருகியது. 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலம் பக்கத்துத் தாதுவையும் மரக்கரியையும் வைத்து இரும்பு ஆலை நடத்தினார். கரிக்கு மரம் கிடைப்பதே அந்த ஆலைகளுக்குக் கடைசிவரை தலைவலியாக இருந்தது. கர்நாடகத்தில் 1923-இல் உற்பத்தி தொடங்கிய பத்ராவதி இரும்பாலையும் அப்போது மரக்கரி உலைதான். கரி போடும்போது வரும் புகையைக் குளிரவைத்து மெத்தனால், அசெட்டேட் எல்லாம் அங்கே எடுத்தார்கள். நம் மூட்டத்தில் கண்ணைக் கரித்துவிட்டுப் போகிற அதே மஞ்சள் புகைதான்.

இன்றைக்கும் பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் தைலமரத்தைத் தோட்டமாக வளர்த்து, ஆறேழு வருஷத்தில் வெட்டி, செங்கல் சூளைகளில் கரியாக்கி இரும்பு உருக்குகிறார்கள். உலகத்திலேயே அதிகக் கரி போடும் நாடு அதுதான். அங்கே வெட்டிய மரத்தைச் சில மாதம் காயவிட்டுத்தான் சூளைக்கு எடுப்பார்கள் என்பதை, காய வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

கரி போட்டே சீமைக்கருவேலத்தை ஒழிச்சிரலாம்ல?

மூட்டக்காரர் வெட்டுவது தரையோடு. அது மறுபடி துளிர்க்கும், துளிர்க்க வேண்டும் என்றுதான் அவரும் தூரை விட்டுவைக்கிறார், அடுத்த வெட்டு அவருக்கு வேண்டுமே. ஒழிக்க வேண்டுமானால் தூரை ஒரு முழம் ஆழமாவது தோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் போடும் விதை வருஷக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். 2017-இல் உயர்நீதிமன்ற உத்தரவை ஒட்டி ஊர் ஊராக இயந்திரம் வைத்துப் பிடுங்கினார்கள். பின்னாலேயே வேறு மரமோ பயிரோ வைக்காத இடத்தில் இன்றைக்கு ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

கண்மாய்க்குள்ளும் வாய்க்காலிலும் நிற்பதைத் தூரோடு எடுத்துவிடுவது, வேறெதுவும் வராத உவர்த் தரிசில் நிற்பதைக் கரிக்கு வெட்டிக்கொள்வது என்று பிரித்துவைத்தால் சண்டையில் பாதி தீரும். கரி வியாபாரி சொல்வதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் மறுபடி வளருது, அதனால கரி சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

பாதி சரி. எரிந்து போன கார்பனை அடுத்த துளிர் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது வாஸ்தவம். ஆனால் மூட்டப் புகையில் வருவது கரியமில வாயு மட்டும் இல்லை. காற்றுப் போதாமல் வேகும்போது மீத்தேனும் வருகிறது. எடைக்கு எடை அது பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும், மரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. மூட்டக்காரரின் நெஞ்சுக்குள் போகும் புகையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. என் மாமா கடைசி சில வருஷம் படுத்துத் தூங்கியதில்லை, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடிதான்.

இதற்கு வழி, புகையை வெளியே விடாமல் குழாய் வழியாகத் திருப்பி உலையின் அடியில் எரிப்பது. மேலே இரும்பு உலை என்று சொன்னது அதைத்தான். மீத்தேனும் தாரும் அங்கேயே எரிந்துவிடும், விறகும் மிச்சமாகும். ஆனால் உலையை வயலுக்குத் தூக்கிப்போக முடியாது, விறகுதான் உலைக்கு வர வேண்டும். ஒரு மண்வெட்டியும் நான்கு ஆளும் இருந்தால் மூட்டம் போட்டுவிடலாம். இங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு உலை வைக்கலாமா என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இடம் யாருடையது என்பதில் நிற்கிறது.